பெருவெடிப்பைப் பிள்ளைகளுக்கு விளக்க ஓர் இலாஸ்டிக் நாடாவும் ஆறு பொத்தான்களும்

பெருவெடிப்பு என்றதும் மலையகப் பிள்ளைகளின் மனத்தில் எழுவது, வீதியை அகலிக்கப் பாறைக்கு வைக்கும் வெடிதான். ஓரிடத்தில் வெடித்துக் கற்கள் நாலாபுறமும் சிதறுவதை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். ஆகவே அகிலத்தின் தோற்றத்தைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முதலில் அந்தப் படத்தை அகற்ற வேண்டும். விரிந்தது வெளிதான், அந்த விரிவுக்கு நடு என்று ஓரிடம் கிடையாது.

தையல் சாமான் விற்கும் கடையில் அகலமான இலாஸ்டிக் நாடா வாங்கி, 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஆறு பொத்தான்களைத் தைத்துக்கொள்ளுங்கள். பொத்தான்கள் விண்மீன் திரள்கள், நாடா வெளி. இரு பிள்ளைகள் முனைகளைப் பிடித்து, இடைவெளிகள் 6 சென்டிமீட்டராகும் வரை இழுக்கட்டும். முதற் பொத்தானில் நின்று பார்ப்பதாக எண்ணி அளந்தால், அடுத்தது 3 சென்டிமீட்டரும், அதற்கடுத்தது 6 சென்டிமீட்டரும், மூன்றாவது 9 சென்டிமீட்டரும் விலகியிருக்கும். பின்னர் வேறொரு பொத்தானிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். அங்கும் இதே கணக்கு வருவதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. தூரம் கூடக்கூட விலகும் வேகமும் கூடும் என்று 1927இல் பெல்ஜியப் பாதிரியாரான ஜோர்ஜ் லெமேத்ர் சமன்பாடுகளிலிருந்து காட்டியதும், 1929இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் அவதானங்களைக் கொண்டு வெளியிட்டதும் இதைத்தான்.

பேனையால் புள்ளியிட்டாலும் போதுமே என்று சிலர் நினைப்பர். ஆனால் புள்ளி நாடாவோடு சேர்ந்து நீளும், பொத்தான் நீளாது. ஈர்ப்பினால் கட்டுண்ட திரள்களும் உள்ளுக்குள் விரிவதில்லை என்பதால், தைக்கும் சிரமம் தகும்.

பொத்தான்களுக்கிடையே ஓர் அலையை வரைந்து நாடாவை இழுத்தால் அலைநீளம் கூடும். தொலைதூர ஒளி சிவப்பு நிறத்தை நோக்கி நகரும் செம்பெயர்ச்சி இதுவே. நானுஓயாவைக் கடக்கும் புகையிரதத்தின் ஊதல் ஒலி தாழ்வதை இதற்கு உவமையாகக் கூறுவோர் உண்டு. அங்கே நகர்வது புகையிரதம், இங்கே நீள்வது வெளி என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

இனி நாடாவை மெல்லத் தளர விடுங்கள். காலம் பின்னோக்கிச் செல்கிறது. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்து விரைவாக அழுத்தினால் அது சூடாவதை உணரலாம். நெருக்கப்பட்ட அகிலமும் அவ்வாறே வெப்பமாயிருந்தது. சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், முதற் சில நிமிடங்களில் ஐதரசன், ஈலியம் ஆகியவற்றின் அணுக்கருக்கள் உருவாகின. சாதாரண சடப்பொருளின் திணிவில் ஏறத்தாழ கால்பங்கு ஈலியமாயிற்று.

அடுத்த கட்டத்தை விளக்க நம் மலைகளை விடப் பொருத்தமான இடமில்லை. அடர்ந்த பனிமூட்டத்தில் ஒளி நீர்த்துளிகளில் பட்டுச் சிதறுவதால் எதிர் மலை தெரிவதில்லை. மூட்டம் விலகியதும் தேயிலை நிரைகள் வரை தெரிகின்றன. ஆரம்ப அகிலத்தில் கட்டற்றுத் திரிந்த இலத்திரன்கள் ஒளியை அவ்வாறே சிதறடித்தன. சுமார் 3,80,000 ஆண்டுகளில் வெப்பநிலை 3000 கெல்வினளவுக்குத் தணிய, இலத்திரன்கள் கருக்களோடு இணைந்து அணுக்களாக, ஒளி தடையின்றிப் புறப்பட்டது. அதன்பின் வெளி ஏறத்தாழ 1100 மடங்கு நீண்டுள்ளது. 3000ஐ 1100 ஆல் வகுக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வரும் விடையாகிய சுமார் 2.7 கெல்வின், அந்த ஒளியே அலைநீளம் கூடி மாறி இன்று வானெங்கும் நிறைந்துள்ள நுண்ணலைக் கதிர்வீச்சின் வெப்பநிலையாகும். 1964இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வானொலி வானியலாளர்களான பென்சியாஸும் வில்சனும் அதை நீங்காத இரைச்சலாகக் கேட்டனர். அலைவாங்கியில் கூடு கட்டிய புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்த பின்பும் அந்த இரைச்சல் ஓயவில்லை.

ஜனவரியில், நிலவற்ற தெளிந்த இரவொன்றில், ஏழரை மணியளவில் பிள்ளைகளை விளக்கொளி எட்டாத மேட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வடமேற்கு வானில் மங்கிய மேகத்துணுக்காகத் தெரியும் அந்திரொமேடா திரளின் ஒளி, சுமார் 25 இலட்சம் ஆண்டுகள் பயணித்து அவர்களின் கண்ணை அடைகிறது. அத்திரள் நம்மை நெருங்கி வருகிறது என்பதையும் மறைக்காமல் கூறுங்கள்; இவ்வளவு அருகில் ஈர்ப்பு விரிவை வென்றுவிடுகிறது.