பழைய சிமெண்ட் ஷீட் கூரையைப் பிரிக்கும்போது

ஒழுகுகிறது என்றோ, மேலே தளம் போடலாம் என்றோ பழைய வீட்டுக் கூரையைப் பிரிக்க முடிவு செய்பவர்கள் முதலில் விசாரிப்பது, கழற்றிய ஷீட் என்ன விலைக்குப் போகும் என்பதைத்தான். அது ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம இழை கலந்த ஷீட் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருபது வருடம் அதன் கீழே படுத்துத் தூங்கியவர்களுக்குத் திடீரென்று பயம் எப்படி வரும்?

அந்தத் தைரியத்தில் பாதி நியாயம் இருக்கிறது. விரிசல் விடாத ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் சிமெண்டோடு இறுகிக் கிடக்கின்றன. அறுத்தாலோ, உடைத்தாலோ, துளையிட்டாலோ, தேய்த்தாலோ அவை தூசியாகக் கிளம்பும். மூச்சோடு உள்ளே போன இழைகளில் பல நுரையீரலிலேயே தங்கிவிடுகின்றன. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். "இத்தனை காலம் வேலை பார்க்கிறேன், எனக்கென்ன ஆயிற்று?" என்று மேஸ்திரி சொன்னால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடையில் விற்கிறார்களே என்பதும் சான்றல்ல. பிரிட்டன் 1999-இலும் ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும் ஆஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடைசெய்துவிட்டன. இந்தியாவில் இறக்குமதியும் ஷீட் விற்பனையும் தொடர்கின்றன. இலங்கை 2018 முதல் தடை என்று அறிவித்தது. 2017 டிசம்பரில், சரக்கில் ஒரு வண்டு இருந்ததைக் காரணம் காட்டி இலங்கைத் தேயிலை இறக்குமதியை ரஷ்யா நிறுத்தியதும் இலங்கை பின்வாங்கியது. ஆஸ்பெஸ்டாஸைப் பெருமளவில் தோண்டி விற்கும் நாடு ரஷ்யா. சந்தையில் கிடைப்பதற்கு இப்படியும் காரணங்கள் உண்டு.

பிரிக்கும் நாளில் நடக்கும் தவறுகளில் மிக மோசமானது கட்டிங் மெஷினை எடுப்பது. துருப்பிடித்த கொக்கி போல்ட் கழலவில்லை என்றால் போல்ட்டைத்தான் வெட்ட வேண்டும், ஷீட்டை அல்ல. முந்தின நாளே போல்ட்டில் எண்ணெய் விட்டு வைத்தால் பாதி கழன்றுவிடும். மீதியைக் கையால் இயக்கும் போல்ட் கட்டர் கொண்டு நறுக்கலாம். சுத்தியலால் ஷீட்டை நொறுக்கிக் கீழே தள்ளுவதுதான் வேகமான வழி என்பது உண்மைதான். அந்த வேகத்துக்காகத்தான் தெருவே தூசியைச் சுவாசிக்கிறது. சோப்பு கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து, ஒவ்வொன்றையும் முழுசாக இறக்க வேண்டும். வேகமாகப் பீய்ச்சும் பம்பு வேண்டாம். மின் இணைப்பை முதலிலேயே துண்டித்துவிடுங்கள்.

இழைத் தூசியின் கவலையை ஒதுக்கிவைத்தாலும், ஷீட் மேல் ஏறி நிற்பதே ஆபத்து. பழைய ஷீட் உறுதியாகத் தோன்றும், ஆள் பாரத்தில் சட்டென்று உடையும். பாசியும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கீழே சாரம் கட்டி அங்கிருந்து கழற்றச் சொல்லுங்கள்.

வாயில் துண்டு கட்டிக்கொள்வது பயனற்றது. சாதாரணத் துணி முகக்கவசமும் அப்படித்தான். முகத்தோடு ஒட்டி நிற்கும், நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 ரக முகக்கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்குவதும், வீட்டு வாக்குவம் கிளீனரை ஓட்டுவதும் படிந்த தூசியை மறுபடி எழுப்பிவிடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு சேர்த்துவிடுங்கள். வேலையாட்கள் அதே சட்டையோடு வீட்டுக்குப் போனால், அதை உதறித் துவைக்கும் மனைவியும் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்.

கூரையை அப்படியே வைத்துக்கொண்டு வெயிலுக்கு வெள்ளைப் பெயிண்ட் மட்டும் அடிப்பவர்கள் கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டுகிறார்கள். பெயிண்ட் நல்ல யோசனைதான், சுரண்டல்தான் கெடுக்கிறது.

பிரித்த ஷீட்டை உடைத்துத் தரை மேடாக்கப் போடுவது, மாட்டுத் தொழுவத்துக்குக் கொடுப்பது, குப்பை லாரியில் எறிவது எல்லாம் நம் ஊரில் சாதாரணம். தொழுவத்தில் மறுபடி துளையிடுவார்கள். தரையில் புதைத்ததை அடுத்த தலைமுறை தோண்டும். கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதி வைத்துவிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று மாநகராட்சியிடமும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேளுங்கள். வேலை தொடங்கும் முன்பே கேட்பது நல்லது. கழற்றிய பிறகு கேட்டால், பதில் வருவதற்குள் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.