எடிசன் ஸ்டாண்டர்டு போனோகிராப்: எதையெல்லாம் பதிய வேண்டும்?

எடிசன் ஸ்டாண்டர்டு என்பது உருளையில் பதிந்த ஒலியைக் கேட்கவைக்கும், ஸ்பிரிங்கால் ஓடும் பழைய இயந்திரம். அதை ஆவணப்படுத்தும்போது முதலில் பெயர்த்தகடு. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். தகட்டின் கடைசி காப்புரிமைத் தேதியைத் தயாரிப்பு ஆண்டாக எழுதிவிடாதீர்கள். இயந்திரம் அதற்குப் பின் எப்போது வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம்.

அடுத்து ரிப்ரொடியூசர், அதாவது உருளையின் வரிகளில் ஊசியை ஓடவிட்டு ஒலி எழுப்பும் பாகம். ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். ‘சி’ வகை 2 நிமிடம் ஓடும் உருளைக்கு, ‘எச்’ 4 நிமிடத்துக்கு, ‘கே’ இரண்டுக்கும். 2 நிமிட உருளையில் அங்குலத்துக்கு 100 வரி, 4 நிமிடத்தில் 200. மாற்றிப் போட்டால் மெழுகு வரி கெடும். 4 நிமிட கியர் இல்லாத இயந்திரத்தில் ‘எச்’ இருந்தால், யாரோ பிற்காலத்தில் மாட்டியது, அப்படியே குறியுங்கள்.

வேகம்: உருளை மாட்டும் தண்டில் காகிதத் துண்டு ஒட்டி, போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள். 30 விநாடியில் 80 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 160 வர வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் இறுகிய கிரீஸ்தான் காரணம்.

மோட்டாரைப் படமெடுக்கும் முன் ஸ்பிரிங்கை முழுதும் ஓடவிடுங்கள். ஸ்பிரிங் டப்பாவைத் திறக்காதீர்கள், விரல் போய்விடும். படத்துக்காகப் பளபளப்பாக்கவும் வேண்டாம். ஸ்பிரிட் பட்டால் பெட்டியின் அரக்கு வார்னிஷ் கரையும். உலர்ந்த மென்தூரிகை போதும்.