ரியோஹா சிவப்பு ஒயின்: எதை வாங்குவது, எப்படித் திறப்பது, எதோடு சாப்பிடுவது

ஸ்பெயின் நாட்டு ரியோஹா ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்ததும் பின்பக்கம் திருப்புங்கள். முன்பக்கத்தில் கோட்டை, கொடி என்று என்ன வேண்டுமானாலும் அச்சடித்திருப்பார்கள். பின்னால் ஒட்டிய சிறிய முத்திரைதான் ஒயினின் வயதைச் சொல்லும். பச்சை முத்திரை என்றால் முதிர்ச்சிக் கட்டாயம் இல்லாத ரகம். சிவப்பு முத்திரை கிரியான்சா: மொத்தம் 2 ஆண்டு, அதில் குறைந்தது 1 ஆண்டு 225 லிட்டர் ஓக் பீப்பாயில். அரக்கு நிறம் ரெசெர்வா: 3 ஆண்டு, பீப்பாயில் 1 ஆண்டாவது, பாட்டிலில் 6 மாதமாவது. நீலம் கிரான் ரெசெர்வா: 5 ஆண்டு, பீப்பாயில் 2, பாட்டிலில் 2.

விலை கூடக்கூட ருசியும் கூடும் என்று எண்ண வேண்டாம். கிரான் ரெசெர்வாவில் பழச்சுவை அடங்கி, பதனிட்ட தோல், புகையிலை, உலர்ந்த அத்தி வாசனை தூக்கி நிற்கும். புதிதாகக் குடிப்பவருக்குக் கிரியான்சாவே சரி.

ரியோஹா ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ ஆற்றை ஒட்டிய பகுதி. அட்லாண்டிக்கிலிருந்து வரும் குளிர்காற்றைக் கான்டாப்ரியா மலைத்தொடர் தடுக்கிறது. ஆல்ட்டா, ஆலவேசா, ஓரியென்டால் என மூன்று பிரிவுகள். முதல் இரண்டும் குளிர்ச்சியானவை, அங்கே டெம்ப்ரானியோ திராட்சைதான் ராஜா. கிழக்கே உள்ள ஓரியென்டால் வெயில் பூமி, கார்னாச்சா திராட்சைக்கு ஏற்றது. டெம்ப்ரானியோவுக்குப் புளிப்பு கொஞ்சம் குறைவு. அதை ஈடுகட்டத்தான் கிராசியானோ, மாசுவேலோ திராட்சைகளையும் சிறிதளவு கலக்கிறார்கள். வனிலா, தேங்காய் வாசனை வந்தால் அது அமெரிக்க ஓக் பீப்பாயின் வேலை.

16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். அறை வெப்பநிலை என்பது குளிர்நாட்டு அறையைத்தான் குறிக்கிறது. 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 10 நிமிடம் வைத்தால் போதும். வெறும் ஐஸில் புதைத்தால் இதைவிட நேரமாகும்.

கிரான் ரெசெர்வா என்றால் முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கும். பழைய கார்க்கில் திருகாணியை ஏற்றினால் உதிர்ந்துவிடலாம். பக்கவாட்டில் நுழையும் இரட்டைத் தகடு திறப்பான்தான் பாதுகாப்பு. கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். குடிக்கும் நேரத்தில் ஊற்றினால் போதும். மணிக்கணக்கில் காற்றாட விட்டால் இருக்கும் வாசனையும் போய்விடும். இளம் ஒயினுக்கு மட்டும் அரை மணி நேரம் காற்று நல்லது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டுவிட்டது, எதுவும் செய்ய முடியாது.

ரியோஹாவில் ஆட்டுக்குட்டி விலாத்துண்டுகளைக் காய்ந்த திராட்சைக்கொடிக் கனலில் சுட்டு, கல்லுப்பு மட்டும் தூவித் தருவார்கள். ரெசெர்வாவுக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. கிரியான்சாவுக்கு ரியோஹா உருளைக்கிழங்குக் குழம்பு. ஒரு கிலோ உருளைக்கு 250 கிராம் சொரிசோ (ஸ்பானியப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி), ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பிரியாணி இலை, ஊறவைத்துச் சுரண்டிய காய்ந்த சொரிசெரோ மிளகாய் இரண்டின் சதை. உருளையை முழுதாக நறுக்காதீர்கள். கத்தியைப் பாதி இறக்கி, திருகி உடைக்க வேண்டும். பிய்ந்த ஓரத்திலிருந்து மாவு கரைந்துதான் குழம்பு கெட்டியாகும். வழுவழுவென்று நறுக்கினால் தண்ணீராகவே நிற்கும். வெங்காயம், பூண்டு, சொரிசோவை வதக்கி, மற்றதைச் சேர்த்து, கிழங்கு மூழ்கும் அளவு தண்ணீரில் 30 நிமிடம் சிறுதீயில் வேகட்டும். கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைக் குலுக்குங்கள். அடுப்பை அணைத்து 10 நிமிடம் கழித்துப் பரிமாறலாம்.

மிளகாய்க் காரம் தூக்கலான குழம்போடு வேண்டாம். துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலை இரட்டிப்பாக்கும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீனோடு உலோகச் சுவை வரும். மான்செகோ பாலாடைக்கட்டி எந்த ரகத்துக்கும் ஒத்துப்போகும்.

மீதியிருந்தால் கார்க்கை அழுத்தி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்; கிரியான்சா 3 நாள் வரை தாங்கும். கிரான் ரெசெர்வாவை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.