தட்டானின் தொல்லுறவை இறக்கை நரம்புகளை வைத்து விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாறையைப் பிளந்தால் முழுத் தட்டான் கிடைப்பது அபூர்வம். உடலை மீன் தின்றிருக்கும், இல்லையென்றால் அழுகிப் போயிருக்கும். இறக்கை மட்டும் தண்ணீரில் மிதந்து, சேற்றில் படிந்து, கல்லில் பதிந்து நிற்கும். கனடாவின் ஆல்பர்ட்டாவிலுள்ள டைனோசர் மாகாணப் பூங்காவில் 2023இல் களப்பயிற்சிக்குப் போன ஒரு கல்லூரி மாணவருக்குக் கிடைத்ததும் இறக்கையின் ஒரு பகுதிதான். சுமார் 7.5 கோடி ஆண்டு பழையது. 2025இல் அதற்குக் கார்டுவலடென்சா அகோர்னி என்று பெயர் வைத்தார்கள். அதற்காகப் புதிய குடும்பம் ஒன்றையே உருவாக்கினார்கள்.

இப்படி ஒரு துண்டை வைத்துப் பெயர் சூட்டுவது நியாயமான வேலைதான். தட்டானின் இறக்கையில் ஓடும் நரம்புகளின் அமைப்பில் அவ்வளவு விவரம் இருக்கிறது. ஆனால் புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: கல்லைப் பார்த்து முடிப்பதற்குள் நரம்புக்குப் பெயர் போட்டுவிடுகிறார்கள். மற்ற பிழைகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

மேடு எது, பள்ளம் எது

தட்டான் இறக்கை தட்டையான தாள் அல்ல. விசிறி மடிப்பு போல மேடும் பள்ளமுமாக நெளிந்தது. ஒவ்வொரு முதன்மை நரம்புக்கும் மேட்டில் ஓடுவதா, பள்ளத்தில் ஓடுவதா என்று நிலையான இடம் உண்டு. முன்விளிம்பிலுள்ள காஸ்டா மேடு. அடுத்துள்ள சப்காஸ்டா பள்ளம். அதற்கடுத்த ரேடியஸின் முன்கிளை மேடு, பின்கிளை பள்ளம். அதன் பின்னே வரும் மீடியா, கியூபிட்டஸ், குத நரம்பு என்று இப்படியே போகும். ஆய்வாளர்கள் வரைபடத்தில் கூட்டல், கழித்தல் குறி போடுவது இதற்குத்தான். நரம்பின் அடையாளத்தைச் சொல்ல இதைவிட நம்பகமான சான்று ஒற்றை இறக்கையில் வேறு இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கல் இரண்டாகப் பிளந்தால் அச்சு ஒரு பக்கம், எதிரச்சு மறுபக்கம். ஒன்றில் மேடாகத் தெரிவது மற்றதில் பள்ளம். போதாக்குறைக்கு நாம் பார்ப்பது இறக்கையின் மேற்பரப்பா, அடிப்பரப்பா என்பதும் தெரியாது. இடது இறக்கையை அடியிலிருந்து பார்த்தால் வலது இறக்கை போலவே இருக்கும். இதைத் தீர்க்காமல் எழுதினால் எல்லாக் குறிகளும் தலைகீழாகிவிடும்.

வழி எளியது. முன்விளிம்புக்குப் போங்கள். காஸ்டாவுக்கும் ரேடியஸின் முன்கிளைக்கும் நடுவே ஓடுகிற சப்காஸ்டா உயிருள்ள இறக்கையில் எப்போதும் பள்ளத்தில்தான் இருக்கும். உங்கள் கல்லில் அது மேடாக நின்றால், கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே திரும்பியிருக்கிறது என்று பொருள். முதலில் அதைக் குறித்துக்கொண்டு, பிறகு மற்ற நரம்புகளுக்கு வாருங்கள்.

புகைப்படமும் ஏமாற்றும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று தெரியாத படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளம் மேடாகத் தோன்றும். அதனால் தாழ்வான கோணத்தில், குறைந்தது இரண்டு திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சி எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒளியின் திசையை எழுதி வையுங்கள். அச்சு, எதிரச்சு இரண்டுமே இருந்தால் இரண்டையும் வெளியிடுங்கள். படத்தை மட்டும் பார்த்து விவரிக்கும் பழக்கம் இப்போது பெருகி வருகிறது. கல்லையே நுண்ணோக்கியின் கீழ் வைத்து விரலால் திருப்பிப் பார்க்காமல் எழுதிய விவரணையை என்னால் முழுமையாக நம்ப முடிவதில்லை.

ஒரு நரம்பு, மூன்று பெயர்

பழைய கட்டுரைகளோடு ஒப்பிடும்போது வருகிற குழப்பம் இது. காம்ஸ்டாக், நீடம் ஆகியோரின் பெயரிடும் முறை 1890களின் இறுதியில் வந்தது. இளம்பூச்சியின் மூச்சுக்குழாய்கள் போகும் பாதையை அது நம்பியது. பிறகு டில்யார்ட், ஃபிரேசர் வழி வந்த முறை. அப்புறம் 1984இல் ரீக், குகலோவா-பெக் இருவரும் அர்ஜென்டினாவின் மிகப் பழைய புதைபடிவங்களை வைத்து மறுவிளக்கம் தந்தார்கள். இன்று தொல்லுயிரியலில் பெரும்பாலும் புழங்குவது இந்த மூன்றாவது முறைதான்.

விளைவைப் பாருங்கள். இன்று மீடியாவின் பின்கிளை என்கிற நரம்பை முதல் முறை முதல் கியூபிட்டஸ் என்றது; இரண்டாம் முறை கியூபிட்டஸின் பின்கிளை என்றது. இன்று கியூபிட்டஸின் முன்கிளை என்பது முதல் முறையில் இரண்டாம் கியூபிட்டஸ், இரண்டாம் முறையில் முதல் குத நரம்பு. 1920களில் எழுதிய விவரணையில் "கியூபிட்டஸ்" என்று படித்துவிட்டு அதை இன்றைய கியூபிட்டஸோடு ஒப்பிட்டால், இரண்டு வேறு நரம்புகளை ஒப்பிட்டு "புதிய பண்பு" கண்டதாக முடியும். எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். பழைய கட்டுரையின் சொற்களை விட்டுவிட்டு அதன் படத்தோடு ஒப்பிடுங்கள்.

இல்லை என்பதும், தெரியவில்லை என்பதும்

தட்டானின் முன்விளிம்பில் நடுவாக்கில் சப்காஸ்டா வந்து முடிகிற தடித்த முறிவைக் கணு என்கிறோம். இறக்கை முறுக்கி வளைவதற்கு அது உதவுகிறது. நுனிக்கு அருகே நிறம் அடர்ந்த சிறு பெட்டி போலிருப்பது இறக்கைப்பொட்டு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகனியூராவுக்கு இந்த இரண்டுமே கிடையாது. பிரான்சின் கொமாந்த்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் 1880இல் கிடைத்து, 1885இல் சார்ல் பிராங்னியார் பெயரிட்டது அது. இறக்கையை விரித்தால் 65 செ.மீ. அளவு. அதை "ராட்சதத் தட்டான்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இன்றைய தட்டானும், அதன் மெலிந்த உறவான ஊசித்தட்டானும் அடங்கிய கூட்டத்துக்கு வெளியே நிற்கிற உறவு அது என்பதைக் காட்டுவதே இந்த இன்மைகள்தான்.

இப்படி இன்மைக்கு இவ்வளவு எடை இருப்பதால் அதைச் சொல்வதில் கவனம் வேண்டும். உங்கள் துண்டு இறக்கையின் அடிப்பாதியாகவோ நுனிப்பாதியாகவோ மட்டும் இருந்தால் "கணு இல்லை" என்று எழுத முடியாது. "கணு இருக்கும் பகுதி பதியவில்லை" என்றுதான் எழுத வேண்டும். மரபுவழி ஆய்வின் அட்டவணையில் முதலாவதுக்குச் சுழியம், இரண்டாவதுக்குக் கேள்விக்குறி. அட்டவணையின் ஒரு கட்டத்தில் சுழியமும் கேள்விக்குறியும் மாறினால் அந்த விலங்கு குடும்ப மரத்தில் பல கோடி ஆண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிடும்.

வரைபடத்துக்கும் இதேதான். கண்ட நரம்பை முழுக் கோடாகவும், ஊகித்ததைப் புள்ளிக் கோடாகவும் வரையுங்கள். விரிசலை நரம்பாக வரைந்துவிடுவதும் நடக்கிறது. கல்லின் விரிசல் இறக்கையின் எல்லையைத் தாண்டி வெளியேயும் ஓடும், நரம்பு ஓடாது.

ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்

ஊசித்தட்டானின் முன், பின் இறக்கைகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். தட்டானில் அப்படியல்ல: பின்னிறக்கையின் அடிப்பகுதி அகன்றது, அடிப்பகுதிக்கு அருகே நரம்புகள் அமைக்கும் முக்கோணத்தின் வடிவமும் மாறலாம். பல குடும்பங்களில் ஆணின் பின்னிறக்கை அடியோரம் கோணலாக இருக்கும், பெண்ணுடையது உருண்டிருக்கும். ஒரே படுகையில் கிடைத்த இரண்டு இறக்கைகளை இரண்டு இனம் என்று எழுதும் முன் இதையெல்லாம் கழித்துப் பார்க்க வேண்டும்.

குறுக்கு நரம்புகளின் எண்ணிக்கையும் தனி மாதிரிக்குத் தனி மாதிரி மாறும். மழைக்காலத்தில் விளக்கடியிலோ ஜன்னலோரத்திலோ செத்துக் கிடக்கும் தட்டானை எடுத்து, இடது வலது இறக்கைகளில் கணுவுக்கு முன்னுள்ள குறுக்கு நரம்புகளை எண்ணிப் பாருங்கள். ஒரே பூச்சியிலேயே ஒன்றிரண்டு வித்தியாசம் வரலாம். இந்தப் பயிற்சியைச் செய்துவிட்டால், "13க்குப் பதில் 14, ஆகவே புதிய இனம்" என்று எழுதக் கை வராது. முதன்மை நரம்பு எங்கே பிரிகிறது, எது எதனோடு சேருகிறது என்பவைதான் உறுதியான பண்புகள்.

அந்த உறுதி இன்னொரு விஷயத்திலும் உதவும். பாறை அழுத்தத்தில் நசுங்கி ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் இறக்கையின் நீள அகல விகிதமும் கோணங்களும் மாறிவிடும், இணைப்புகள் மாறாது. விகிதத்தை நம்புவதற்கு முன் அதே அடுக்கில் வேறு திசையில் கிடக்கும் மாதிரிகளைப் பாருங்கள்.

நசுங்குவது எவ்வளவு பெரிய விவாதமாகும் என்பதற்கு 2021 சாட்சி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் வாஷிங்டன் பகுதிகளில் பரவியுள்ள ஒகனகன் மேட்டுநிலத்தின், பல கோடி ஆண்டுக்கு முந்தைய ஈயோசீன் காலப் புதைபடிவங்களை ஆராய்ந்த புரூஸ் ஆர்ச்சிபால்டும் குழுவினரும், இறக்கையைப் பார்த்து ஊசித்தட்டான் என்று கருதப்பட்ட சிலவற்றின் தலை வேறு மாதிரி இருப்பதாகச் சொல்லி, செபலோசைகாப்டெரா என்ற புதிய துணைவரிசையை முன்வைத்தார்கள். ஊசித்தட்டானின் தலை பக்கவாட்டில் நீண்டு, கண்கள் தள்ளி நிற்கும். இவற்றில் தலை உருண்டு, கண்கள் ஒட்டியிருந்தன. ஆந்த்ரே நெல், தாரன் செங் இருவரும் அந்தத் தலை வடிவம் அழுத்தத்தால் வந்த சிதைவாக இருக்கலாம் என்று மறுத்தார்கள். எந்தப் பக்கம் நின்றாலும், இறக்கையின் ஒற்றுமை மட்டும் உறவைத் தீர்த்துவைக்காது என்பது தெளிவு. காம்பு போல ஒடுங்கிய இறக்கையடி பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. 1887இல் கைனிட்ஸ் பெயரிட்ட புரோட்டோமிர்மெலியான் என்பதன் பொருள் "ஆதிக் குழிநரி"; குழிநரி என்பது தட்டான் போலத் தோன்றும் வேறு வகைப் பூச்சி. இன்று அது தட்டானின் உறவு. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பெயர் வைக்கும் நாளில்

விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, 1999க்குப் பிறகு வரும் புதிய இனத்துக்குப் பெயர்தாங்கி மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரி எது, அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாகிறது என்றால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். பேரினப் பெயர் வேறெந்த விலங்குக்காவது ஏற்கெனவே இருக்கிறதா என்றும் தேடுங்கள்; வண்டுக்கோ நத்தைக்கோ இருந்தாலும் உங்களுடையது செல்லாது.

கல் எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். பிரேசிலின் க்ராட்டோ சுண்ணப் படுகை அருமையான தட்டான் இறக்கைகளுக்குப் பேர் போனது. ஆனால் 1942 முதல் அந்நாட்டுப் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அதே படுகையின் உபிரஜாரா என்ற டைனோசரை ஜெர்மனி 2023இல் திருப்பித் தர வேண்டி வந்தது. வியாபாரியிடமிருந்து வந்த மாதிரி என்றால், ஏற்றுமதி ஆவணத்தைக் கண்ணால் பார்த்த பிறகு நுண்ணோக்கியை எடுங்கள்.