இறப்புக்குப் பிறகு ஆன்லைன் கணக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறந்தவர்களின் மின்னஞ்சல், போட்டோ, சந்தாக்களை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். முன்கூட்டியே திட்டமிட்டவர்களின் வீடுகளிலும் அதே சறுக்கல்கள்தான். 'பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை' என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது; விட்டுவிடலாம்.

போன் எண்ணை முதலில் ரத்து செய்வது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒரு வீட்டில் அப்பா எல்லா பாஸ்வேர்டுகளையும் நோட்டில் தெளிவாக எழுதி வைத்திருந்தார். மகனோ, "பேச ஆளில்லாத எண்ணுக்கு எதற்குப் பணம்?" என்று சிம்மை ரத்து செய்து, போனில் இருந்ததை அழித்து, பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிட்டார். அப்புறம் மின்னஞ்சலைத் திறக்க உட்கார்ந்தால், பாஸ்வேர்டு சரி. ஓடிபி மட்டும் செத்துப்போன எண்ணுக்குப் போகிறது. உள்நுழையும் கோடை போனிலேயே உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் அழித்த போனோடு போயிற்று. மற்ற கணக்குகளின் ரீசெட் லிங்க் வருவதும் அதே மின்னஞ்சலுக்குத்தான். ஒன்று பூட்டியதும் வரிசையாக எல்லாம் பூட்டிக்கொண்டன.

ரத்தான எண் அப்படியே கிடக்காது என்பது இன்னும் மோசம். கொஞ்ச காலம் கழித்து அது வேறொருவருக்குப் போகும். இறந்தவரின் ஓடிபிகளும் அந்தப் புதியவருக்கே போகும்.

அதனால் வீட்டாருக்காக நீங்கள் எழுதி வைக்கும் குறிப்பின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்: எல்லாக் கணக்கும் முடியும்வரை எண்ணை ரத்து செய்யாதீர்கள், போனை அழிக்காதீர்கள். போனைத் திறக்கும் பின் (PIN) நம்பரும், ஓடிபி வராதபோது உள்ளே போக உதவும் பேக்கப் கோடுகளும் அதற்குக் கீழேயே இருக்கட்டும். எண்ணை வாரிசு பெயருக்கு மாற்ற வழி இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பாஸ்வேர்டை உயிலில் எழுதுவது

வேண்டாம். பல நாடுகளில் நீதிமன்றம் ஏற்ற உயிலை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

நிறுவனங்கள் தரும் வசதியைப் பாதியில் விடுவது

கூகுளின் 'இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' 2013 முதல் இருக்கிறது. 3 மாதம் முதல் 18 மாதம் வரை ஒரு கெடு வைத்து, அதுவரை நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று 10 பேர் வரை குறிக்கலாம். அவர்களுடைய போன் எண்ணையும் கேட்கும். எண் மாறினால் திருத்துங்கள்.

ஆப்பிளின் 'லெகசி கான்டாக்ட்', அதாவது உங்களுக்குப் பின் கணக்கைத் திறக்க நீங்கள் நியமிப்பவர், வேறு மாதிரி. இறப்புச் சான்றிதழோடு, நீங்கள் முன்பே அவருக்குக் கொடுத்த ஆக்சஸ் கீ என்ற கோடும் வேண்டும். அதை உருவாக்கிவிட்டுத் தன் போனுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் உண்டு! அனுமதி கிடைத்தாலும், சேமித்த பாஸ்வேர்டுகள் அதில் வராது.

ஃபேஸ்புக்கிலும் இப்படி ஒருவரை நியமிக்கலாம்; ஆனால் அவர் உங்கள் மெசேஜ்களைப் படிக்க முடியாது. சிலருக்கு இதுவே பெரிய நிம்மதி.

கிரிப்டோ

கிரிப்டோ நாணயத்தை நீங்களே வைத்திருக்கும் சொந்த வாலட்டை மீட்க உதவும் சொற்களின் வரிசைதான் சீட் ஃபிரேஸ் (seed phrase). அது தொலைந்தால், புகார் சொல்லக்கூட ஆளில்லை.