சாயும் நாற்றும் நாம் செய்யும் தவறுகளும்

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளு கத்தரி விதையைக் குழித்தட்டில் போட்டு, வேலூர் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் ஜன்னலோரம் வைக்கிறோம். சில நாளில் நாற்று மளமளவென்று உயர்ந்து ஜன்னல் பக்கம் சாய்கிறது. ‘நல்லா வளருது’ என்று அதை விட்டுவிடுவதுதான் முதல் தவறு. தண்டு மெலிந்து, வெளிறி, இலைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டிருந்தால் நாற்றுக்கு வெளிச்சம் போதவில்லை.

ஏன் சாய்கிறது என்பதிலும் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். வெளிச்சம் படும் பக்கம் அதிகம் வளர்கிறது என்பார்கள். அப்படி வளர்ந்தால் செடி வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் அல்லவா வளையும்! நிழல்பக்கம் கூடுதலாக நீள்வதால்தான் தண்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்புகிறது.

சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளைகளை வைத்து இதைச் சோதித்து 1880-இல் எழுதினார்கள். முளையின் நுனியை ஒளி புகாதபடி மூடினால் அது வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு கீழ்ப்பகுதியை மூடினால் வளைந்தது. அதாவது ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. நுனியிலிருந்து இறங்கும் பொருள் ஒன்று இருப்பதை 1920-களில் தாவர விஞ்ஞானி ஃபிரிட்ஸ் வென்ட் காட்டினார். அதுதான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். நீல ஒளியை உணரும் புரதங்கள் நுனியில் இருக்கின்றன. ஒரு பக்கமாக ஒளி பட்டால் ஆக்சின் நிழல்பக்கம் நகர்ந்து, அங்குள்ள செல்களை நீளச் செய்கிறது. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு ஒரு விரல் உயர நாற்றுக்குள் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, சாய்ந்த நாற்றை என்ன செய்வது? தட்டைத் தினமும் திருப்பி வைத்தால் இளந்தண்டு நேராகும், ஆனால் மெலிவு போகாது. யூரியா போட்டுத் தேற்றப் பார்க்காதீர்கள். ஒளி குறைந்த இடத்தில் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) தண்டை இன்னும் இளக்கமாக்கும். குச்சி கட்டி இழுத்து நிமிர்த்தவும் வேண்டாம். முற்றிய அடித்தண்டின் வளைவு அப்படியே இருக்கும், மேலே வரும் இளந்தண்டு தானாக நிமிரும். தக்காளி நாற்று நீண்டிருந்தால் தண்டை ஆழப் புதைத்து நடலாம்; புதைந்த இடத்திலும் வேர் விடும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, வீட்டுக்குள் வளர்ந்த நாற்றைக் கத்திரி வெயிலில் ஒரேயடியாக மொட்டை மாடியில் வைப்பது. இலை வெளுத்துக் கருகி, ஒரே மதியத்தில் நாற்று போய்விடும். முதலில் காலை வெயில் ஓரிரு மணி நேரம், அப்புறம் நிழல்வலைக்கு அடியில் என்று ஒரு வாரம் பழக்குங்கள். அடுத்த முறை, விதை முளைத்ததுமே தட்டை நிழல்வலைக்கு அடியில் வையுங்கள். மேலிருந்து வெளிச்சம் கிடைத்தால் நாற்று ஆரம்பத்திலிருந்தே குட்டையாக, தண்டு தடித்து நிற்கும்.