செல்லுக்குள்ள ஒளியுற பாக்டீரியாவை மனப்பாடம் பண்ணாம புரிஞ்சு படிக்கிறது எப்படி?

மைக்ரோபயாலஜில இந்த சாப்டர் வந்தாலே நிறைய பேர் எஃபெக்டர் புரோட்டீன் (செல்லோட வேலையை மாத்த கிருமி உள்ள அனுப்புற புரோட்டீன்) பேரெல்லாம் வரிசையா உருப்போட ஆரம்பிச்சிடறாங்க, தயவுசெஞ்சு அப்படி படிக்காதீங்க, லீஜியனெல்லாங்கற பாக்டீரியா ஒண்ணு மட்டுமே 300க்கு மேல எஃபெக்டரை செல்லுக்குள்ள அனுப்புது, எதைன்னு ஞாபகம் வச்சுப்பீங்க?

முதல்ல நார்மலா என்ன நடக்கும்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சுக்கோங்க. மேக்ரோஃபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல் கிருமியை முழுங்குது, அது ஃபேகோசோம்ங்கற பைக்குள்ள மாட்டுது, பை மேல மொதல்ல ராப்5ங்கற புரோட்டீன் (பை எந்த கட்டத்துல இருக்குன்னு காட்டுற அடையாளம்) இருக்கும், அப்புறம் அது போய் ராப்7 வரும், புரோட்டான் பம்ப் உள்ள ஆசிட் ஏத்தும், செரிக்கிற என்சைம் இருக்கிற லைசோசோம் வந்து சேரும், பிஹெச் 5 பக்கத்துல இறங்கி கிருமி காலி. இனிமே எந்த கிருமி வந்தாலும் கேள்வி ஒண்ணுதான், இந்த ரூட்ல இது எங்க கை வைக்குது?

டிபி கிருமியை வச்சு ஆரம்பிங்க, இதுதான் ரொம்ப தெளிவா புரியும். ராப்5 கட்டத்துலயே பையை நிறுத்திடுது. அடுத்த கட்டத்துக்கு போக பை மேல பிஐ3பிங்கற கொழுப்பு வேணும், கிருமியோட சேப்எம்ங்கற என்சைம் அதையே உடைச்சிடுது, அதோட பிடிபிஏங்கற இன்னொரு என்சைம் புரோட்டான் பம்ப்பை பை மேல வந்து சேர விடாது, அதனால உள்ள பிஹெச் 6க்கு மேலயே நிக்குது, கிருமி நிம்மதியா இருக்கு.

லிஸ்டீரியா பையை ஓட்டை போட்டு வெளிய வந்துடும். அந்த ஓட்டை போடுற லிஸ்டீரியோலைசின் ஆசிட்லதான் நல்லா வேலை செய்யும், அதனால பை கிழியுது, ஆனா பைக்கு வெளிய ஆசிட் இல்லாததால தங்கியிருக்கிற செல் சட்டுனு சாகாது, எனக்கு இந்த சாப்டர்லயே ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான். அப்புறம் ஆக்ட்ஏங்கற தன்னோட புரோட்டீனை வச்சு செல்லோட ஆக்டின் இழையையே பின்னாடி வாலா கட்டிக்கிட்டு நேரா பக்கத்து செல்லுக்குள்ள போயிடும், வெளிய இருக்கிற ஆன்டிபாடி கண்ணுலயே படாது. லீஜியனெல்லா செல்லோட ராப்1 புரோட்டீனை இழுத்து ஈஆர்லேர்ந்து (செல்லுக்குள்ள இருக்கிற சவ்வு வலை) வர்ற வெசிக்கிளால (குட்டிப் பையால) பையை மூடிக்கும். காக்ஸியெல்லா மட்டும் தலைகீழ், அதுக்கு ஆசிட் இருந்தாதான் வளரவே முடியும்.

இதெல்லாம் படத்துல குறிச்ச பிறகு கிளினிக்கல் பக்கம் வாங்க. இன்டர்ஃபெரான் காமாங்கற சிக்னல் புரோட்டீன் வந்தா மேக்ரோஃபேஜ் உஷாராகி டிபி போட்ட தடையை ஓரளவு உடைக்கும், அதை நிறைய சுரக்கிறது சிடி4ங்கற நோய் எதிர்ப்பு செல், ஹெச்ஐவில அது குறையும்போது டிபி ஏன் கிளம்புதுன்னு தானா புரிஞ்சிடும். நம்மூர்ல நிறைய பார்க்கற ஸ்க்ரப் டைஃபஸும் செல்லுக்குள்ள வாழ்ற கிருமிதான், ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக் செல்லுக்குள்ள சரியா போகாது, டாக்ஸிசைக்ளின் நல்லா போகும், அதான் அதைக் குடுக்கறாங்க.